குழந்தைக்கு மூச்சுக்குழாய் டியூப் போட எந்த மயக்க மருந்து? முழுமையான வழிகாட்டி

மூன்று வயதுக் குழந்தை. குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியின் பிளேடு நாக்கைத் தொட்டதும் இருமுகிறது, குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன, சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம்) 99-லிருந்து மளமளவென்று 70-க்கு இறங்குகிறது. இப்படி ஆகும்போது குழந்தையின் தாடை சிறியது, பிளேடு சரியில்லை என்று காரணம் தேடுகிறோம். பல நேரம் உண்மையான காரணம் மயக்கம் போதாததுதான். தேர்ந்தெடுத்த மருந்து சரியாகவே இருந்திருக்கும். அளவு குறைந்திருக்கும், அல்லது மருந்து வேலை செய்வதற்குள் கை முந்தியிருக்கும். மருந்துத் தேர்வு பாதி வேலை, அந்த மருந்துக்கு உரிய நேரத்தைக் கொடுப்பது மீதிப் பாதி. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மயக்கவியல் படிக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களையும், சிறிய மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குத் தனியாக மயக்கம் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் மருத்துவர்களையும் நினைத்து இதை எழுதுகிறேன். பெற்றோர் படித்தால், தங்கள் குழந்தைக்கு அறுவை அரங்குக்குள் என்ன நடக்கிறது என்பது ஓரளவு புரியும். இங்கே தரும் அளவுகள் பயிற்சி பெற்ற கைகளுக்கானவை. தனியாகக் குறிப்பிடாத இடங்களில், வேறு நோயில்லாத குழந்தைக்கானவை.

குழந்தையிடம் நேரம் ஏன் குறைவு

கைக்குழந்தை ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 மில்லி ஆக்சிஜன் செலவழிக்கிறது. பெரியவருக்கு அது 3 முதல் 4 மில்லி. செலவு இரண்டு மடங்கு, ஆனால் மூச்சு வெளியே விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சும் சேமிப்பு குறைவு. மயக்கம் கொடுத்ததும் அந்தச் சேமிப்பு இன்னும் சுருங்கிவிடும். அதனால்தான் பெரியவரிடம் பல நிமிடங்கள் தாங்கும் மூச்சு நிறுத்தம், கைக்குழந்தையிடம் சில நேரம் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் போகிறது. ஆக்சிஜன் குறைந்ததும் நாடித்துடிப்பு விழும். கைக்குழந்தையின் இதயம் துடிப்பின் எண்ணிக்கையை நம்பித்தான் ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதால், துடிப்பு விழுந்தால் ரத்த ஓட்டமும் விழும்.

2017-ல் வெளியான ஏப்ரிகாட் ஆய்வு, ஐரோப்பாவின் 33 நாடுகளில் 261 மருத்துவமனைகளில் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தை மயக்கங்களைப் பதிவு செய்தது. கடுமையான அசம்பாவிதங்கள் 5.2 சதவீதம். அவற்றில் பெரும்பங்கு மூச்சு சார்ந்தவை. வயது குறையக் குறைய ஆபத்து கூடியது. மயக்கம் கொடுப்பவரின் குழந்தை அனுபவம் கூடக் கூட ஆபத்து குறைந்தது. அனுபவசாலி வேறு மருந்து எதையும் வைத்திருப்பதில்லை. எப்போது பிளேடை எடுக்கலாம், எப்போது எடுக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

படி 1: மருந்து அலமாரியைத் திறக்கும் முன்

வயிறு காலியா? மாஸ்க்கில் காற்றுக் கொடுப்பதோ டியூப் போடுவதோ கடினமாகுமா? இதயமும் ரத்த ஓட்டமும் எப்படி? தசை நோய், சளி, குடும்பத்தில் மயக்கத்தின்போது நடந்த பிரச்சினை ஏதாவது உண்டா? இந்த நான்கும் தெரிந்தால் பாதி மருந்துகள் தாமாகவே பட்டியலிலிருந்து விலகிவிடும்.

கடைசிக் கேள்வியை அம்மாவிடமும் பாட்டியிடமும் நிதானமாகக் கேளுங்கள். "பையன் எப்போது நடந்தான்? தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுகிறானா? மாமன்மார் யாராவது சின்ன வயதில் நடக்க முடியாமல் போனார்களா?" டூஷென் தசைச் சிதைவு நோய் வெளியே தெரிவதற்கு முன்பே பல பையன்கள் டான்சில், ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்துவிடுகிறார்கள். தெரியாமல் அவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் மருந்தான சக்சமெத்தோனியம் போட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயம் நின்றுபோகலாம்.

நம் ஊரில் கேட்டே ஆக வேண்டிய இன்னொன்று உண்டு. வைசியச் செட்டியார் சமூகத்தில், சக்சமெத்தோனியத்தை உடைக்கும் கோலினெஸ்டெரேஸ் நொதியின் பரம்பரைக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. அதற்குக் காரணமான மரபணு மாற்றங்களில் ஒன்று கோவை ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வில் 2006-ல் வெளியானது. இந்தக் குறைபாடு இருந்தால், ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு திரும்ப மணிக்கணக்காகும். "உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்த பிறகு மூச்சு வர ரொம்ப நேரம் ஆனதா? வென்டிலேட்டரில் வைத்தார்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் சக்சமெத்தோனியமும் மிவாகூரியமும் வேண்டாம்.

சளியைப் பற்றி: கடந்த இரண்டு வாரத்துக்குள் சளி, காய்ச்சல், இருமல் இருந்த குழந்தையின் மூச்சுப்பாதை எரிச்சலோடு இருக்கும். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் தள்ளிப்போடுவதைப் பற்றிப் பேசுங்கள். தள்ள முடியாதென்றால் மருந்துத் தேர்வு அதற்கேற்ப மாறும். அது படி 3-ல் வருகிறது.

படி 2: எடை, கணக்கு, சிரிஞ்ச்

குழந்தையை எடை போடுங்கள். எடை மெஷின் இல்லாத அவசரத்தில் மட்டும் வயதோடு 4 கூட்டி 2-ஆல் பெருக்கலாம். ஒன்று முதல் பத்து வயது வரை இது ஏறக்குறைய பொருந்தும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு வயது, 16 கிலோ, டான்சில் ஆபரேஷன். தூங்க வைக்கும் புரோபோஃபால் கிலோவுக்கு 3 மி.கி. என்றால் 48 மி.கி., அதாவது மில்லிக்கு 10 மி.கி. வலிமையில் 4.8 மில்லி. வலியை அடக்கும் ஃபென்டனில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்றால் 32 மைக்ரோகிராம். தசையைத் தளர்த்தும் அட்ராகூரியம் கிலோவுக்கு 0.5 மி.கி. என்றால் 8 மி.கி. நாடித்துடிப்பு விழாமல் காக்கும் அட்ரோபின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்றால் 320 மைக்ரோகிராம். கஃப் (காற்று கசியாமல் அடைக்கும் சின்ன பலூன்) உள்ள டியூப்: வயதை 4-ஆல் வகுத்து 3.5 கூட்டினால் 4.5. உதட்டில் நிற்க வேண்டிய ஆழம்: வயதில் பாதியோடு 12 கூட்டினால் 14 செ.மீ. அரை அளவு சிறிய டியூப் ஒன்றும் பெரிய டியூப் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

மருந்தை நீர்க்க வைப்பதில்தான் விபத்துகள் நடக்கின்றன. ஃபென்டனில் ஆம்பியூல் ஒரு மில்லிக்கு 50 மைக்ரோகிராம். இரண்டு மில்லியை எடுத்து மொத்தம் 10 மில்லி ஆக்கினால் மில்லிக்கு 10 மைக்ரோகிராம், கணக்கு சுலபம். 0.6 மி.கி. அட்ரோபின் ஆம்பியூலை 6 மில்லி ஆக்கினால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். கெட்டமின் நம் கடைகளில் மில்லிக்கு 10 மி.கி., 50 மி.கி. என்று இரண்டு வலிமையிலும் கிடைக்கிறது. புட்டியை மாற்றி எடுத்தால் ஐந்து மடங்கு போய்விடும். சிரிஞ்ச் ஒவ்வொன்றிலும் மருந்தின் பெயரோடு மில்லிக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். மருந்து கொடுத்த பிறகு சலைன் விட்டுக் கேனுலாவை (சிரையில் போட்ட ஊசிக்குழாயை) கழுவுவது கட்டாயம். சின்னக் குழந்தையிடம் கேனுலாவிலும் எக்ஸ்டென்ஷனிலும் தங்கிவிடும் அரை மில்லியே முழு டோஸாக இருக்கும்.

படி 3: ஐ.வி. (சிரை) வழியா, மாஸ்க் வழியா

கேனுலா ஏற்கெனவே இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை, ஐ.வி. வழியே போங்கள். கேனுலா இல்லாமல், வயிறு காலியாக, மூச்சுப்பாதையில் பிரச்சினை இல்லாத குழந்தை ஊசியைக் கண்டு அலறினால் மாஸ்க்கில் மூச்சிழுத்தே தூங்க வைக்கும் செவோஃப்ளூரேன் நல்ல வழி. மூக்கை எரிக்காத வாசனை என்பதால் 8 சதவீதத்திலேயே ஆரம்பிக்கலாம். டெஸ்ஃப்ளூரேனை மாஸ்க் வழியே தூங்க வைக்கப் பயன்படுத்தக்கூடாது. அது மூச்சுப்பாதையை எரித்து இருமலையும் லாரிங்கோஸ்பாசத்தையும் (குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்வதையும்) வரவழைக்கும்.

பயந்த குழந்தைக்கு வாய்வழி மிடசோலம் கிலோவுக்கு 0.5 மி.கி. கொடுத்து 20 முதல் 30 நிமிடம் காத்திருக்கலாம். மூக்கு வழி டெக்ஸ்மெடெடோமிடின் கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் அழகாகத் தூங்க வைக்கும், ஆனால் முக்கால் மணி நேரம்வரை பிடிக்கும். அடுத்த கேஸ் எப்போது என்று அரங்கு நெருக்கும்போது இதைக் கொடுத்துவிட்டுக் கால் மணியில் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனால் கொடுத்ததில் பயனில்லை. மரத்துப்போகச் செய்யும் கிரீமும் அப்படித்தான், ஒரு மணி நேரம் முன்பே வார்டில் தடவியிருக்க வேண்டும்.

சளி, ஆஸ்துமா, வீட்டில் புகைப்பவர்கள் போன்ற காரணங்களில் குறைந்தது இரண்டு இருக்கும் குழந்தைக்கு ஐ.வி. புரோபோஃபால்தான் என் தேர்வு. இத்தகைய 300 குழந்தைகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், மாஸ்க் வழி தூங்கியவர்களில் 43 சதவீதத்தினருக்கு மூச்சுத் தொல்லைகள் வந்தன. ஐ.வி. வழி தூங்கியவர்களில் 26 சதவீதம். கேனுலா போடக் குழந்தை கொஞ்சம் அழும்தான். அந்த அழுகைக்குப் பதிலாகக் கிடைக்கும் பாதுகாப்பு பெரியது.

செவோஃப்ளூரேன் கொடுக்கும்போது கண்ணைப் பாருங்கள். கருவிழிகள் ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றால் மயக்கம் இன்னும் மேலோட்டமாக இருக்கிறது. அந்த நேரத்தில் கேனுலா குத்தினால்கூட லாரிங்கோஸ்பாசம் வரலாம். கருவிழி நடுவுக்கு வந்து பாவை சுருங்கிய பிறகுதான் தொட வேண்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குச் செவோஃப்ளூரேனில் நாடித்துடிப்பு சட்டென்று விழுவது அடிக்கடி நடக்கும். தூங்கியதும் சதவீதத்தைச் சீக்கிரம் குறையுங்கள், அட்ரோபின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

படி 4: தூங்க வைக்கும் மருந்து

புரோபோஃபால்: குரல்வளை அனிச்சைச் செயல்களை நன்றாக அடக்குவதில் இதற்கு நிகர் இல்லை. குழந்தைக்குப் பெரியவரைவிடக் கூடுதலாக, கிலோவுக்கு 2.5 முதல் 3.5 மி.கி. வேண்டும். பெரியவருக்குப் பழகிய கை 2 மி.கி.யோடு நிறுத்திக்கொள்ளும், குழந்தை பிளேடு பட்டதும் நெளியும். கையில் எரியும் என்பதால் முழங்கை மடிப்பு போன்ற பெரிய சிரையில் போடுவதும், லிக்னோகெயின் சேர்ப்பதும் நல்லது. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். பச்சிளம் குழந்தைக்கு இந்த இறக்கம் கடுமையாகவும் நீண்டும் இருக்கும், அங்கே அளவைக் குறைக்க வேண்டும்.

தயோபென்டோன் கிலோவுக்கு 5 முதல் 6 மி.கி. பச்சிளம் குழந்தைக்கு 3 முதல் 4 போதும். வலிப்பு நிற்காத குழந்தைக்கு இன்றும் நல்ல மருந்து. ஆனால் குரல்வளையைப் புரோபோஃபால் அளவுக்கு அடக்காது, தசைத் தளர்வு இல்லாமல் இதை மட்டும் நம்பி டியூப் போட முயலாதீர்கள். சிரைக்கு வெளியே கசிந்தால் தோலை அரித்துவிடும்.

கெட்டமின் நம் மருத்துவமனைகளின் பழைய துணை. ஐ.வி. கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., தசையில் 4 முதல் 5 மி.கி. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், மூச்சுக்குழல்களை விரிக்கும், பெரும்பாலும் மூச்சையும் விட்டுவைக்கும். ஷாக் (ரத்த ஓட்டம் குலைந்த நிலை), ஆஸ்துமா, நீலம் பாயும் இதயநோய் மூன்றிலும் என் கை முதலில் போவது இதற்குத்தான். எச்சில் கூடும், அதற்கு கிளைக்கோபைரோலேட் கிலோவுக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம். கெட்டமின் கொடுத்த குழந்தையின் தொண்டை அனிச்சைகள் விழித்தே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. கண் திறந்து அமைதியாகக் கிடக்கும் குழந்தையைப் பார்த்து "நன்றாகத் தூங்கிவிட்டது" என்று பிளேடை விட்டால் ஸ்பாசம் வரும். டியூப் போடக் கெட்டமினோடு தசைத் தளர்வும் வேண்டும். தலைக்காயத்தில் கெட்டமின் கூடவே கூடாது என்று பழைய பாடம் சொல்லும். காற்றுக் கொடுப்பது சரியாக இருக்கும்வரை அந்தப் பயத்துக்கு இன்று வலுவான ஆதாரம் இல்லை. தலைக்காயக் குழந்தைக்கு ரத்த அழுத்தம் விழுவதுதான் பெரிய எதிரி.

எட்டோமிடேட் இதயத்தைத் தொந்தரவு செய்யாது, ஆனால் அட்ரினல் சுரப்பை ஒரே டோஸிலேயே அடக்கும். செப்டிக் ஷாக்கில் (கிருமித் தொற்றால் வந்த ஷாக்கில்) இருக்கும் குழந்தைக்கு வேண்டாம்.

படி 5: வலியும் அதிர்ச்சியும் தெரியாமலிருக்க

ஃபென்டனில் கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம், மெதுவாக. வேகமாகத் தள்ளினால் மார்புத் தசை விறைத்து மாஸ்க்கில் காற்றே போகாது. கைக்குழந்தைகளிடம் இது நிஜமான ஆபத்து. ஃபென்டனிலின் முழு வேகம் வர மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். புரோபோஃபாலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு அடுத்த நிமிடமே லாரிங்கோஸ்கோப் வைத்தால், டியூப் போடும் அதிர்ச்சியை ஃபென்டனில் இன்றியே குழந்தை வாங்கிக்கொள்கிறது. டியூப் போட்ட பிறகு, யாரும் எதுவும் செய்யாத நேரத்தில், ரத்த அழுத்தம் விழுகிறது. எனவே ஃபென்டனிலை முதலில் கொடுங்கள், மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே காத்திருங்கள், பிறகு புரோபோஃபால்.

ரெமிஃபென்டனில் ஒரு நிமிடத்தில் வேலை செய்து சில நிமிடத்தில் மறைந்துவிடும். கிடைக்கும் இடங்களில், தசைத் தளர்வு இல்லாமல் டியூப் போட இது நல்ல துணை. நாடித்துடிப்பை நன்றாகவே குறைக்கும்.

படி 6: தசைத் தளர்வு வேண்டுமா, எது?

குழந்தைகளுக்கு ரிலாக்சன்ட் (தசைத் தளர்வு மருந்து) இல்லாமலே டியூப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆழமான செவோஃப்ளூரேனோடு புரோபோஃபால் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. சேர்த்தோ, புரோபோஃபால் கிலோவுக்கு 3 முதல் 4 மி.கி.யோடு ரெமிஃபென்டனில் கிலோவுக்கு 2 முதல் 4 மைக்ரோகிராம் சேர்த்தோ செய்யலாம், முடியும். தசை நோய் உள்ள குழந்தைக்கு அது தேவையும்கூட. ஆனால் வழக்கமான தேர்வாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தளர்வு இல்லாமல் குரல் நாண்களைத் திறக்க வைக்க வேண்டிய ஆழத்தில் இதயம் தடுமாற ஆரம்பிக்கும். அந்த ஆழத்துக்குப் போகத் தயங்கினால் நாண்கள் மூடும். பச்சிளம் குழந்தைகளுக்கும் கைக்குழந்தைகளுக்குமான ஐரோப்பிய மயக்கவியல் அமைப்பின் 2024 வழிகாட்டுதலும், டியூப் போடும் முன் போதுமான மயக்கமும் தசைத் தளர்வும் உறுதி செய்யச் சொல்கிறது.

"மாஸ்க்கில் காற்றுப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரிலாக்சன்ட்" என்ற விதி பலருக்கு மனப்பாடம். இயல்பான முகமும் தாடையும் உள்ள குழந்தைக்கு மாஸ்க்கில் காற்றுப் போகவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் ஸ்பாசம், மார்பு விறைப்பு, மேலோட்டமான மயக்கம் இவற்றில் ஒன்று. மூன்றுக்கும் மருந்து ஆழமும் தளர்வும்தான். அங்கே ரிலாக்சன்ட்டைத் தள்ளிப்போடுவது குழந்தையைக் காப்பாற்றாது.

வழக்கமான ஆபரேஷனுக்கு அட்ராகூரியம் கிலோவுக்கு 0.5 மி.கி. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் நம்பாமல் தானே உடையும் மருந்து, விலையும் குறைவு. இரண்டு முதல் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். முகம், மார்பு சிவந்து தடித்தால் ஹிஸ்டமின் என்று புரிந்துகொள்ளுங்கள். வீசிங் உள்ள குழந்தைக்குத் தவிர்க்கலாம், சிஸ்அட்ராகூரியம் அங்கே மேல். வெக்கூரோனியம் கிலோவுக்கு 0.1 மி.கி. இதயத்துக்கு மென்மையானது, ஆனால் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு நீண்ட நேரம் நிற்கும்.

ரோக்கூரோனியம் கிலோவுக்கு 0.6 மி.கி. சுமார் ஒன்றரை நிமிடத்துக்குள், 1.2 மி.கி. ஒரு நிமிடத்தில் வேலை செய்யும். ஊசி எரிச்சலால் தூங்கிய குழந்தையும் கையை இழுக்கும், கேனுலாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 16 மி.கி. கொடுத்தால் பெரிய டோஸ் ரோக்கூரோனியத்தையும் உடனே முறிக்கலாம் என்பது உண்மை. 24 கிலோ குழந்தைக்கு அது 384 மி.கி., அதாவது 200 மி.கி. புட்டிகள் இரண்டு. அலமாரியில் அவை இல்லாவிட்டால் அந்தத் திட்டத்தை நம்பி இறங்காதீர்கள். இருந்தாலும், உடைத்து எடுத்துக் கொடுத்து மூச்சு வருவதற்குள் கைக்குழந்தை நீலமாகிவிடும். மாஸ்க்கில் காற்றுக் கொடுப்பதற்கு அது மாற்று ஆகாது.

சக்சமெத்தோனியத்தைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். 45 முதல் 60 விநாடியில் முழுத் தளர்வு, ஐந்து நிமிடத்தில் மூச்சு, சிரை கிடைக்காவிட்டால் தசையிலும் போடலாம். இந்த மூன்றும் சேர்ந்த வேறு மருந்து இல்லை. கைக்குழந்தைக்கு ஐ.வி. கிலோவுக்கு 2 மி.கி., வளர்ந்த குழந்தைக்கு 1 முதல் 1.5, தசையில் கிலோவுக்கு 4 மி.கி. அதே சமயம், கண்டறியப்படாத தசை நோய் உள்ள பையன்களின் இதயம் நின்ற சம்பவங்களுக்குப் பிறகு, 1990-களில் அமெரிக்க மருந்து ஆணையம் இதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. குழந்தைகளுக்கு அவசர டியூபுக்கும், மூச்சுப்பாதையை உடனே மீட்க வேண்டிய நேரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது. அதை அப்படியே ஏற்கிறேன். காலையில் போட்டுவைத்த ஹெர்னியா லிஸ்ட்டுக்குச் சக்சமெத்தோனியம் வேண்டாம். லாரிங்கோஸ்பாசத்துக்கு அது இல்லாத அறையில் குழந்தைக்கு மயக்கமே கொடுக்க வேண்டாம். ஒரு நாளுக்கு மேலான தீக்காயம், பக்கவாதம், நீண்ட நாள் படுக்கை, மலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா (மயக்க மருந்தால் உடல் சூடு எகிறும் பரம்பரை நோய்) உள்ள குடும்பம் எல்லாவற்றிலும் கூடாது. கொடுத்த பிறகு திடீரென்று இதயம் தடுமாறினால் பொட்டாசியம் என்று நினைத்து உடனே கால்சியம் கொடுங்கள்.

இரண்டாவது டோஸ் சக்சமெத்தோனியம் நாடித்துடிப்பைப் படுக்க வைக்கும். கைக்குழந்தைக்கு முதல் டோஸுக்கு முன்பே அட்ரோபின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் கொடுத்துவிடுவது என் வழக்கம். குறைந்தது 0.1 மி.கி. அட்ரோபின் கொடுத்தே ஆக வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்க இதய அமைப்பு 2015-ல் அவசர டியூப் விஷயத்தில் கைவிட்டது. இரண்டு கிலோ குழந்தைக்கு எடைக் கணக்கே போதும்.

படி 7: இப்போது காத்திருங்கள்

எல்லா மருந்தும் உள்ளே போன பிறகு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். மாஸ்க்கில் மெதுவாகக் காற்றுக் கொடுத்துக்கொண்டே, அட்ராகூரியம் என்றால் மூன்று நிமிடம், ரோக்கூரோனியம் வழக்கமான அளவு என்றால் ஒன்றரை நிமிடம். நரம்புத் தூண்டி இருந்தால் கட்டைவிரல் அசைவு மறையும்வரை. சர்ஜன் கை கழுவிக்கொண்டு நின்றாலும் சரி, நேரம் நேரம்தான்.

கைக்குழந்தைக்குத் தோளுக்கடியில் சின்னத் துணிச்சுருள். தாடை தளர்ந்ததா என்று தொட்டுப் பாருங்கள். பிளேடு வைக்கும்போதும் மூக்கு வழி ஆக்சிஜன் ஓடட்டும். பச்சிளம் குழந்தைகளிடம் மூக்கு வழி அதிவேக ஆக்சிஜனை வைத்துக்கொண்டே டியூப் போட்டபோது, நிலை குலையாமல் முதல் முயற்சியிலேயே வெற்றி பெற்றது 50 சதவீதம், இல்லாதபோது 31.5 சதவீதம் என்று 2022-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அதை முதலிலேயே எடுங்கள், கடைசி ஆயுதமாக வைக்க வேண்டாம்.

முதல் முயற்சி தவறினால் அதே மயக்கத்தோடு, அதே பிளேடோடு மறுபடி நுழையாதீர்கள். மாஸ்க், ஆக்சிஜன், இன்னும் கொஞ்சம் புரோபோஃபால், எதை மாற்றுவது என்று ஒரு முடிவு, பிறகு இரண்டாவது. இரண்டும் தவறினால் எல்.எம்.ஏ. (குரல்வளைக்கு மேல் அமரும் மாஸ்க்) வைத்துவிட்டு மூத்தவரைக் கூப்பிடுங்கள். கடினமான மூச்சுப்பாதை உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடு 2016-ல் வெளியானபோது, இரண்டுக்கு மேற்பட்ட முயற்சிகளோடு சிக்கல்கள் கூடியதைத் தெளிவாகச் சொன்னது. டியூப் உள்ளே போனதற்குச் சாட்சி, மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் மட்டுமே. கஃப் அழுத்தம் 20 செ.மீ. நீரளவைத் தாண்டக்கூடாது.

சூழ்நிலைக்குச் சூழ்நிலை

வயிறு நிறைந்த குழந்தை: எட்டு வயது, 24 கிலோ, குடல்வால் வெடித்து வாந்தியோடு வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சலைன் ஓட்டி நீரிழப்பைச் சரிசெய்த பிறகு, ஃபென்டனில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், புரோபோஃபால் அல்லது கெட்டமின், ரோக்கூரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி., அதாவது சுமார் 29 மி.கி. பெரியவருக்குச் செய்வதுபோல் மாஸ்க் காற்றே கொடுக்காமல் ஒரு நிமிடம் நிற்பது குழந்தைக்குப் பொருந்தாது. 10 முதல் 12 செ.மீ. அழுத்தத்துக்குள் மென்மையாகக் காற்றுக் கொடுங்கள். பைலோரிக் ஸ்டீனோசிஸ் (இரைப்பையின் வெளிவாய் குறுகுவது) உள்ள கைக்குழந்தைக்கு முதலில் ரத்த உப்புகளைச் சரிசெய்யுங்கள், அந்த ஆபரேஷன் சில மணி நேரத்தில் செய்தே ஆக வேண்டியதில்லை. பிறகு மூக்கு வழிக் குழாயால் இரைப்பையைப் பல நிலைகளில் திருப்பி உறிஞ்சிவிட்டு மயக்கம்.

ஷாக்: தூக்க மருந்து பாதி, தளர்வு மருந்து முழுசு. கெட்டமின் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி., ரோக்கூரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. ரத்தம் மெதுவாக ஓடுவதால் மருந்து மூளைக்கும் தசைக்கும் போய்ச்சேர நேரமாகும், இங்கே அவசரப்பட்டு இரண்டாவது டோஸ் கொடுப்பதுதான் உயிரை எடுக்கும். நீர்த்த அட்ரினலின் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்ற கணக்கில் கையில் தயாராக இருக்க வேண்டும்.

டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ (நீலம் பாயும் பிறவி இதயநோய்): உடம்பின் ரத்தக் குழாய்கள் விரிந்தால் நீலம் கூடும். புரோபோஃபாலைத் தள்ளிவைத்துக் கெட்டமின். குழந்தை அழாமல் அரங்குக்கு வருவதே பாதி சிகிச்சை.

முன்பே தெரிந்த கடினமான மூச்சுப்பாதை: பியர் ராபின் (பிறவியிலேயே தாடை சிறுத்த நிலை), தாடை மூட்டு இறுகி வாய் திறக்காத குழந்தை, தீக்காயத் தழும்பால் கழுத்து மடங்கியவர்கள். இங்கேதான் விதி தலைகீழாகும். குழந்தையின் சொந்த மூச்சைப் பறிக்காதீர்கள். செவோஃப்ளூரேன், அல்லது கெட்டமினோடு டெக்ஸ்மெடெடோமிடின் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் பத்து நிமிடத்தில், குரல்வளையில் எடைக்கணக்குக்குள் லிக்னோகெயின், மூக்கு வழி ஃபைபர் ஆப்டிக் (வளையும் கேமரா) கொண்டு டியூப். நெஞ்சுக்குள் பெரிய கட்டி மூச்சுக்குழாயை அழுத்தினாலும் இதேதான், தளர்வு கொடுத்ததும் குழாய் நசுங்கிவிடலாம். இந்தக் குழந்தைகளை, தனியாக இருக்கும் இடத்தில் கையில் எடுக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது தோல்வி அல்ல.

பச்சிளம் குழந்தைக்கும் வலிக்கும்

பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, விழித்திருக்கும் குழந்தையின் தொண்டைக்குள் டியூப் போட்ட காலம் ரொம்பப் பழையதல்ல. 1987-ல் கன்வல்ஜீத் ஆனந்தும் சகாக்களும், குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபரேஷனின்போது ஃபென்டனில் கொடுத்தால் உடலின் அதிர்ச்சி எதிர்வினை குறைகிறது, பின்விளைவுகளும் குறைகின்றன என்று காட்டினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு 2010-ல், உயிர்மீட்பு அவசரம் தவிர மற்ற எல்லா டியூபுக்கும் முன்மருந்து வேண்டும் என்று சொன்னது. இருந்தும் சில என்.ஐ.சி.யூ.க்களில் (பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்) இன்னும் வெறுமனே போடுகிறார்கள். அட்ரோபின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், ஃபென்டனில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் இரண்டு மூன்று நிமிடத்தில் மெதுவாக, பிறகு சக்சமெத்தோனியம் கிலோவுக்கு 2 மி.கி. அல்லது ரோக்கூரோனியம். இது எந்த மாவட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடியது. மிடசோலத்தை மட்டும் கொடுத்தால் வலி நிற்காது, குறைமாதக் குழந்தைக்கு அது நல்லதும் அல்ல. மார்ஃபின் வேலை செய்ய நேரமெடுக்கும், டியூபுக்கு உதவாது.

லாரிங்கோஸ்பாசம் வந்துவிட்டால்

தூண்டலை நிறுத்துங்கள், தாடையை முன்னே தள்ளுங்கள், 100 சதவீத ஆக்சிஜனோடு மாஸ்க்கை இறுக்கிப் பிடித்து அழுத்தம் கொடுங்கள். திறக்கவில்லையா, புரோபோஃபால் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. அதற்கும் திறக்காமல் சாச்சுரேஷன் இறங்கினால் சக்சமெத்தோனியம் ஐ.வி. கிலோவுக்கு 1 மி.கி., கூடவே அட்ரோபின். சிரை இல்லையென்றால் தொடையில் கிலோவுக்கு 4 மி.கி. கேனுலா தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இந்தக் கணக்கைக் குழந்தை உள்ளே வரும் முன்பே போட்டுச் சுவரிலோ டிரேயிலோ எழுதிவையுங்கள். சாச்சுரேஷன் 60 என்று மெஷின் கத்தும்போது யாராலும் பெருக்கல் போட முடியாது.

முடிந்த பிறகு எழுத வேண்டியவை

தளர்வு முழுவதும் விலகியதை உறுதி செய்துகொண்டே டியூபை எடுங்கள். நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமோடு கிளைக்கோபைரோலேட் 10 மைக்ரோகிராம், அல்லது ரோக்கூரோனியம், வெக்கூரோனியம் என்றால் சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 2 முதல் 4 மி.கி. கைக்குழந்தை தொடையை மடக்கி வயிற்றுக்கு மேல் தூக்கினால் தசை வலு திரும்பியது என்று நம்பலாம்.

மயக்கக் குறிப்பில் மருந்தின் பெயர், அளவு இவற்றோடு எத்தனை முயற்சி, எந்த பிளேடு, குரல்வளை எவ்வளவு தெரிந்தது, என்ன அளவு டியூப் பொருந்தியது என்பதையும் எழுதுங்கள். சக்சமெத்தோனியத்துக்குப் பிறகு மூச்சு திரும்பத் தாமதமானாலோ, டியூப் போடக் கடினமாக இருந்தாலோ, அதைப் பெற்றோருக்குத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மருந்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கூடப் பிறந்தவர்களுக்கும் பரிசோதனை வேண்டும் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஆபரேஷன் எந்த ஊரில் நடந்தாலும் முதலில் இதைக் காட்டச் சொல்லி, டிஸ்சார்ஜ் ஃபைலோடு வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.